பெரிய மாமாவும் காணாமற்போன விமானமும்

பினாங்கு

அன்பு மகள் கயல்விழிக்கு,

நாங்கள் நலம். குடும்பப் புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் பெரிய மாமா அனுப்பிய காணொளிக்கு நீ எழுதிய பதிலைப் படித்தேன். காணாமற்போன மலேசிய விமானம் எம்.எச்.370, இந்தியப் பெருங்கடலில் அமெரிக்க இராணுவத் தளம் உள்ள டியேகோ கார்சியா தீவில் இறக்கப்பட்டு மறைக்கப்பட்டுவிட்டது என்று அவர் நம்புவதை நீ மறுத்ததில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால், "விவரம் தெரிந்தவர் பேசும் பேச்சா இது?" என்று அத்தனை பேர் முன்னிலையில் கேட்டிருக்க வேண்டாம். மரியாதைக்காக மட்டும் சொல்லவில்லை. அறிவுக் குறைவால்தான் ஒருவர் இப்படி நம்புகிறார் என்ற உன் கணிப்பே பிசகு.

2014 மார்ச் 8 அன்று 239 பேருடன் கோலாலம்பூரிலிருந்து பெய்ஜிங்குக்குப் புறப்பட்ட அந்த விமானத்தைத் தென்சீனக் கடலில் தேடிக்கொண்டிருந்த நாள்களை நினைத்துப் பார். அது திரும்பித் தீபகற்பத்தைக் குறுக்கே கடந்து, நம் பினாங்குக்கு அருகிலேயே பறந்து போனது இராணுவ ரேடாரில் பதிவாகியிருந்தது. அந்தச் செய்தியோ தயங்கித் தயங்கி, முன்னுக்குப் பின் முரணாக வெளிவந்தது. விமான நிலையத்தில் ஒரு போமோ (மலாய் மந்திரவாதி) தேங்காய்களோடும் மூங்கில் தொலைநோக்கியோடும் வந்து சடங்கு செய்ததும் அப்போதுதான். பயணம் தெற்கு இந்தியப் பெருங்கடலில் முடிந்தது என்று மார்ச் 24 அன்று பிரதமர் அறிவித்தபோது, அதற்கு அடிப்படை செயற்கைக்கோள் சமிக்ஞைகளை வைத்துப் போட்ட கணக்கு; பொறியாளருக்கு விளங்கும், மாமாவுக்கோ எனக்கோ விளங்காது. நீ இருக்கும் பெர்த்துக்கு அப்பால் 1,20,000 சதுர கிலோமீட்டர் கடலடியைத் துழாவியும் விமானம் கிடைக்கவில்லை. 2018 ஜூலையில் வந்த அறிக்கை, காரணத்தை உறுதியாகச் சொல்ல இயலவில்லை என்றே முடிந்தது.

காரணம் தெரியாமல் இருப்பதை மனம் பொறுத்துக்கொள்வதில்லை. 239 உயிர்களுக்கு ஓர் இயந்திரக் கோளாறு ஈடான காரணமாகத் தோன்றாது. ஒரு வல்லரசின் இராணுவத் தளம் தோன்றும். ஜெனிஃபர் விட்சனும் ஆடம் கலின்ஸ்கியும் 2008இல் வெளியிட்ட ஆய்வில், தம் கட்டுப்பாட்டில் எதுவுமில்லை என்ற உணர்வுக்கு ஆளாக்கப்பட்டவர்கள், எந்த உருவமும் இல்லாத புள்ளிப் படங்களில் உருவங்களையும், தற்செயலாகவும் இருக்கக்கூடிய நிகழ்வுகளில் சதியையும் மற்றவர்களைவிட அதிகமாகக் கண்டார்கள்.

மாமாவின் கதை உனக்குப் பாதிதான் தெரியும். பாயான் லெப்பாஸில் அவர் வேலை பார்த்த தொழிற்சாலையை மூடப் போவதாகப் பேச்சு அடிபட்டபோது, நிர்வாகம் எல்லாரையும் கேன்டீனில் கூட்டி, அது வெறும் வதந்தி என்றது. அதை நம்பி அவர் தவணையில் மோட்டார் சைக்கிள் எடுத்தார். அடுத்த மாதமே கதவை அடைத்துவிட்டார்கள். மேலிடம் ஒன்றை மறுத்தாலே அதில் உண்மை இருக்கும் என்று அவர் படித்துக்கொண்டது அங்கேதான். அந்தப் பாடத்தை நான் குறை சொல்ல மாட்டேன். அவருடைய சந்தேகம் ஒரு பக்கமாகவே பாய்கிறது என்பதுதான் சிக்கல். அமைச்சரின் அறிக்கையை வரிக்கு வரி துருவுகிறவர், யார் எடுத்தது என்றே தெரியாத காணொளியை ஒரு கேள்வியும் கேட்காமல் ஏற்றுக்கொள்கிறார். அதுவும் ஒரே செய்தி பத்துப் பேரிடமிருந்து வந்தால் கேட்கவே வேண்டாம். திரும்பத் திரும்பக் கேட்ட கூற்று உண்மைபோலத் தோன்றும் என்பதை 1977இலேயே சோதனை செய்து காட்டியிருக்கிறார்கள்.

இன்னொன்றும் உண்டு. வேலை போன பிறகு யாரும் கருத்துக் கேட்காத மனிதரை, இந்த விமானக் கதைக்காக ஒட்டுக்கடையில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு நாலு பேர் கேட்கிறார்கள். விளங்கிக்கொள்ள வேண்டும், பாதுகாப்பாக உணர வேண்டும், தன்னைப் பற்றியும் தன் கூட்டத்தைப் பற்றியும் உயர்வாக எண்ண வேண்டும் என்ற மூன்று தேவைகளே மக்களைச் சதிக் கோட்பாடுகளின் பக்கம் ஈர்க்கின்றன என்று உளவியலாளர் கேரன் டக்ளஸும் அவருடைய சகாக்களும் 2017இல் எழுதினார்கள். உன் பதில் அந்த மூன்றாவதில் போய்த் தைத்தது. அன்றிரவே அவர் மேலும் நான்கு காணொளிகளை அனுப்பியதற்கு வேறு காரணம் தேட வேண்டாம்.

பேசிப் பயனில்லை என்றும் நான் சொல்ல வரவில்லை. 2024இல் வெளியான ஓர் ஆய்வில், சதிக் கோட்பாட்டை நம்பியவர்கள் தாங்கள் நம்புவதற்கான காரணங்களைத் தாங்களே எழுத, செயற்கை நுண்ணறிவு அந்தந்தக் காரணத்துக்கு ஆதாரத்தோடு பதில் சொன்னது. நம்பிக்கை சராசரியாக ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது; இரண்டு மாதம் கழித்தும் அப்படியே இருந்தது. இயந்திரத்துக்குக் கோபம் வராததும் ஒரு காரணமோ என்னவோ.

தீபாவளிக்கு வரும்போது, அவரிடமுள்ள ஆதாரங்களில் எது மிக வலுவானது என்று கேள். மாலத்தீவில் தாழப் பறந்த விமானத்தைப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள் என்பார், முழுவதையும் கேள். பிறகு, 2015 ஜூலையில் இந்தியப் பெருங்கடலின் மேற்கே உள்ள பிரெஞ்சுத் தீவான ரியூனியனில் கரையொதுங்கிய இறக்கைத் துண்டைப் பற்றிப் பேசு. நெடுநாள் கடலில் மிதந்ததற்கு அடையாளமாக அதில் சிறு கடலுயிர்கள் ஒட்டி வளர்ந்திருந்தன. அது இந்த விமானத்துடையதுதான் என்று அதே ஆண்டு செப்டம்பரில் பிரெஞ்சு அதிகாரிகள் உறுதி செய்தார்கள். அது எப்படி அங்கே போயிருக்கும் என்று அவரையே கேள். அதற்கும் ஏதாவது பதில் வைத்திருப்பார், குறுக்கிடாதே. குழுவில் வேண்டாம், நேரில் பேசு. மாமி பக்கத்தில் இல்லாத நேரமாகப் பார்த்துக்கொள், அவர் சிரித்துவிடுவார்.

அன்புடன்,
அம்மா