கச்சான் சரையில வந்த அடையாள அட்டை

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

போன கிழமை கிளிநொச்சி பஸ் ஸ்டாண்டடியில மகனுக்குக் கச்சான் வாங்கிக் குடுத்தனான். பஸ்ஸுக்க இருந்து திண்டு முடிச்சிட்டு கச்சான் சுத்தின கடதாசிச் சரையைப் பிரிச்சுப் பாத்தவன், "அம்மா இதில ஒரு அன்ரியின்ர படம் கிடக்கு" எண்டான். வாங்கிப் பாத்தா ஒரு பொம்பிளையின்ர அடையாள அட்டை போட்டோக்கொப்பி. ஒரு கரை கறுப்படிச்சுப் போனதால ஆரோ கழிச்சு விட்ட கொப்பி போல கிடக்கு, ஆனா முகம், முழுப்பேர், நம்பர், கீழ விலாசம் எல்லாம் வடிவாத் தெரியுது, மேல உப்புத்தூள் ஒட்டிக் கிடக்கு. கச்சான் விக்கிற அம்மாவைப் பிழை சொல்ல மாட்டன், அவா பழைய பேப்பர் கட்டு வாங்கி சரை சுத்துறவா. அந்தக் கொப்பியைக் கிழிக்காமல் கட்டோட குடுத்த இடத்தில தான் பிழை.

எனக்கு அண்டிரவு நித்திரையே வரேல்ல. ஏனெண்டா நானும் எத்தினை இடத்தில எத்தினை கொப்பி குடுத்திருப்பன் எண்டு யோசிச்சா கணக்கே இல்ல. 2009ல மனிக்பாம் அகதி முகாமுக்க லைனில நிண்டு பதியத் தொடங்கினது, பிறகு தகரத்துக்குப் பதிவு, கிணத்துக்குப் பதிவு, வீட்டுத்திட்டத்துக்கு, கோழிக்குஞ்சுக்கு, அரசாங்கம் குடுக்கிற அஸ்வெசும உதவிக்காசுக்கு எண்டு பதிவு தான். ஆர் போர்மோட வந்தாலும் எங்கட சனம் "ஏன் கேக்கிறியள்" எண்டு ஒரு வார்த்தை கேக்காது, கேட்டா பேரை வெட்டிப்போடுவினம் எண்ட பயம். அந்தப் பழக்கம் இப்ப போனுக்கையும் வந்திட்டுது, நிவாரணம் தாறம் எண்டு ஒரு லிங்க் வந்தா அதே மாதிரி பேர், அடையாள அட்டை நம்பர், பாங்க் எக்கவுண்ட் எல்லாத்தையும் நிரப்பி அனுப்புகினம், அனுப்பினது காணாதெண்டு குறூப்பில மற்றாக்களுக்கும் போடுகினம்.

வெறும் நம்பர் தானே எண்டு நினைக்கிறாக்களுக்கு ஒண்டு சொல்லுறன். புது அட்டையில 12 இலக்கம். முதல் நாலும் நீங்கள் பிறந்த வருசம், அடுத்த மூண்டும் அந்த வருசத்தில எத்தினையாவது நாள் எண்டது, பொம்பிளையள் எண்டா அதோட 500 கூட்டியிருக்கும். அப்ப 632 எண்டு கிடந்தா பொம்பிளை, 132ஆவது நாள், மே மாசம் பிறந்தவா. நம்பரைப் பாத்த உடன பிறந்த திகதியும் ஆணோ பொண்ணோ எண்டும் தெரிஞ்சிடும், பிறகு எங்கட ஆக்கள் பிறந்த திகதியைத் தானே பாஸ்வேர்டா வச்சிருக்கினம்!

எங்கட வீட்டில நடந்ததையும் எழுதுறன். பெரியம்மா புதுக்குடியிருப்பில தனிய இருக்கிறா. அவவின்ர கோயில் குறூப்பில இருக்கிற தெரிஞ்ச ஒராளின்ர நம்பரில இருந்து "அக்கா, மாறி உங்கட போனுக்கு ஒரு ஆறு இலக்கம் வந்திட்டுது, கெதியா அனுப்புங்கோ" எண்டு மெசேஜ். அந்த மனுசியின்ர வட்ஸ்அப் முதலே களவு போனது பெரியம்மாவுக்கு என்னெண்டு தெரியும், அனுப்பிட்டா. கள்ளன் தன்ர போனில வட்ஸ்அப்புக்குப் பெரியம்மாவின்ர நம்பரை அடிச்சுப்போட்டு அந்தக் கோட்டுக்குத் தான் காவல் இருந்தவன். அரை மணித்தியாலத்தில கனடாவில இருக்கிற மாமாவுக்கு "தம்பி, ஆஸ்பத்திரியில நிக்கிறன், கதைக்க ஏலாது, காசு போடு" எண்டு போயிருக்கு, அவர் பதறியடிச்சு ஆரெண்டே தெரியாத ஒராளின்ர எக்கவுண்டுக்கு ஒரு லட்சத்துக்கு மேல போட்டிட்டார். ஒருக்கா சாதாரண கோல் எடுத்திருந்தா பெரியம்மா வீட்டு முத்தம் கூட்டிக்கொண்டு நிண்டது தெரிஞ்சிருக்கும். காசு போனதை விட, அக்காவின்ர பேரில ஏமாத்திப்போட்டாங்கள் எண்டது தான் அவருக்கு இன்னும் ஆறேல்ல.

இப்பிடி நடந்தா வட்ஸ்அப்பைத் திருப்பிப் போட்டு உங்கட நம்பரை அடியுங்கோ, எஸ்எம்எஸ்ஸில வாற புதுக் கோட்டைக் குடுத்த உடன கள்ளன்ர போனில அது நிண்டிடும். அவன் பின் (PIN) எண்ட இரகசிய நம்பர் ஒண்டு போட்டு வச்சிருந்தா ஏழு நாள் பொறுக்கவேணும், ஆனா அந்த ஏழு நாளும் அவனும் உள்ளுக்க இருக்க ஏலாது. வராமல் தடுக்கிறதெண்டா செட்டிங்ஸுக்க எக்கவுண்ட், அதுக்குள்ள டூ ஸ்டெப் வெரிபிகேஷன், அதில நீங்களே ஆறு இலக்க பின் போடவேணும். பெரியம்மாவுக்குப் போட்டுக் குடுத்தனான், அவா அதைச் சுவர்க் கலண்டரில எழுதப் போனா, நான் பறிச்சுப்போட்டு, இருந்து பாடமாக்கப் பண்ணினனான். போன் கடையில பொடியனே ஈமெயில் திறந்து பாஸ்வேர்டும் போட்டுத் தந்தா, வீட்டுக்குப் போன உடன அதை மாத்துங்கோ.

இன்னொண்டும் ஐயா. உதவி எடுத்துத் தாறம் எண்டு கமராவோட வாற யூடியூப்காரர் கொட்டிலுக்க வந்து பொம்பிளைப் பிள்ளையளின்ர முகம், பள்ளிக்கூடத்துப் பேர், தாயின்ர போன் நம்பர், பாங்க் புத்தகத்தின்ர முதல் பக்கம் எல்லாத்தையும் காட்டுகினம். புருசன் இல்லாத வீடுகள் வன்னியில எத்தினை கிடக்கு எண்டு உங்களுக்குத் தெரியும், ராவில ஆர் ஆரோ கோல் எடுக்கிறாங்கள். உதவி தேவை தான், அதுக்காகப் பிள்ளையின்ர முகத்தை விக்கக் கூடாது. பத்திரிகையளிலயும் உதவி கேட்டு வாற செய்தியளில போன் நம்பரை நேர போடாமல் கிராம அலுவலர் மூலமாத் தொடர்பு கொள்ளச் சொல்லிப் போட்டா நல்லம். 2022ல தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் எண்டு 9ஆம் இலக்கச் சட்டம் வந்தது, அதில என்ன இருக்கெண்டு எங்கட ஊரில விளங்கப்படுத்த ஒருத்தரும் வரேல்ல.

படத்தை வச்சு ஆரும் வெருட்டினா தாய் தகப்பன் முதல் வேலையாப் பிள்ளையின்ர போனைப் பறிச்சு அடிக்காதேங்கோ, மெசேஜை அழிக்காமல் ஸ்கிரீன்ஷொட் எடுத்து வையுங்கோ. சின்னப் பிள்ளையள் எண்டா 1929, பொம்பிளையளுக்கு 1938, இணையப் பிரச்சினையளுக்கு, இணையப் பாதுகாப்பைப் பாக்கிற இலங்கை சேர்ட் (CERT) நிறுவனத்தின்ர 101. இந்த மூண்டு நம்பரையும் பெரிய எழுத்தில, வெட்டிச் சுவரில ஒட்டக்கூடிய மாதிரி உங்கட பேப்பரில ஒருக்காப் போட்டு விடுங்கோ ஐயா.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கண்டாவளை, கிளிநொச்சி.