கடமானைப் பார்த்துவிட்டு வந்து சரோஜாவுக்கு எழுதியது

அன்புள்ள சரோஜா அம்மிணிக்கு,

இங்கே எல்லோரும் சுகம். நீ கொடுத்தனுப்பிய நாட்டுச்சர்க்கரை வந்து சேர்ந்தது, பாதியை மருமகள் அவள் அம்மா வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டாள். மூட்டுவலியைப் பற்றி நீயும் கேட்காதே, நானும் கேட்கவில்லை.

சேலத்தில் மகள் வீட்டுக்குப் போயிருந்தேன். பேரன் பிடித்த பிடியில் குறும்பப்பட்டி உயிரியல் பூங்காவுக்குப் போக வேண்டியதாகிவிட்டது. நீ சிரிப்பது இங்கே கேட்கிறது. பள்ளிக்கூட வாசலில் கிளி ஜோசியக்காரரோடு சண்டைக்குப் போனவள் டிக்கெட் எடுத்து உள்ளே போனாளா என்றுதானே? போனேன். சும்மா சொல்லக்கூடாது, எனக்குப் பிடித்தும் இருந்தது. அதுதான் இப்போது தொந்தரவு.

சேர்வராயன் மலை அடிவாரம், நல்ல மர நிழல். ஒரு கடமான் வேலியை ஒட்டி நின்று அசைபோட்டுக்கொண்டிருந்தது. கழுத்து மயிரில் சேறு காய்ந்து திரிதிரியாகத் தொங்கியது. கண்ணுக்குக் கீழே ஒரு குழி இருக்குமே, அது லேசாக விரிந்து மூடியதுகூடத் தெரிந்தது. எங்கள் பேச்சுச் சத்தத்துக்குக் காது மட்டும் திரும்பியதே தவிர, தலையைத் திருப்பும் அளவுக்கு நாங்கள் முக்கியமில்லை போல. டாப்சிலிப்பில் நாம் பார்த்த கடமானின் பின்பக்கம் மட்டும்தான் நமக்குக் கிடைத்தது, அதையும் நீ எருமை என்றாய். பேரன் பெரிய கேள்வி எதுவும் கேட்கவில்லை. முதலைக்கு உயிர் இருக்கிறதா, ஐஸ்க்ரீம் எப்போது, அவ்வளவுதான். அவனை இழுத்துக்கொண்டு போக வேண்டிய நானே அங்கிருந்து நகராமல் நின்றேன்.

நம் கோவை வ.உ.சி. உயிரியல் பூங்காவை நினைத்தால் இது எவ்வளவோ மேல். ஸ்டேடியத்தை ஒட்டி அந்த இத்தனூண்டு இடத்தில், ஆறாம் வகுப்புப் பிள்ளைகளை வரிசை கட்டி நாம்தானே கூட்டிப் போவோம்! இடம் போதாது என்று 2022-ல் மத்திய உயிரியல் பூங்கா ஆணையம் அங்கீகாரத்தை ரத்து செய்தபோது, இனிப் பிள்ளைகளை எங்கே கூட்டிப் போவது என்று ஊரே புலம்பியது. நான் உனக்கு போன் போட்டுக் கொண்டாடினேன். இப்போதும் அதையேதான் சொல்வேன்.

ஆனால் 2024-ல் அங்கிருந்த புள்ளிமான்களைச் சிறுவாணி அடிவாரக் காட்டில் கொண்டுபோய் விட்டார்களே, அது இந்தக் கடமான் முன்னால் நின்றபோது நினைப்புக்கு வந்து இன்னும் போகவில்லை. பஸ் ஹாரன் சத்தத்தில் பிறந்து வளர்ந்த மான்கள் அம்மிணி அவை. நேரத்துக்குத் தீனி வந்துவிடும். செந்நாய் வாடை எப்படி இருக்கும் என்று சொல்லிக்கொடுக்கத் தாய்க்கே தெரிந்திருக்குமா? விட்டது சரி, சந்தேகமே இல்லை. சிறுத்தையும் சாப்பிட வேண்டும்தானே. பகலில் இப்படி நியாயம் பேசுகிறேன். ராத்திரி படுத்தால், இருட்டில் அவை எந்தப் பக்கம் ஓடியிருக்கும் என்று யோசனை ஓடுகிறது.

அங்கிருந்து யோசனை நேரே உங்கள் ஊருக்குத்தான் வந்து நிற்கிறது. மான் கூண்டிலிருந்து காட்டுக்குப் போயிற்று, நம் சின்னத்தம்பி யானை காட்டிலிருந்து கூண்டுக்குப் போனான். 2019 ஜனவரியில் கோவை பக்கம் தடாகத்தில் பிடித்து, டாப்சிலிப் பக்கம் வரகளியாறு காட்டில் விட்டார்கள். நாள்கணக்கில் நடந்து உடுமலைப் பக்கம் வந்து உங்கள் கரும்பில் இறங்கினான். அண்ணன் ஏக்கருக்கு இத்தனை போச்சு என்று கணக்குப் போட, நீ ‘தின்னுட்டுப் போகட்டும் விடுங்க’ என்று சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டாய். பிப்ரவரியில் மறுபடியும் பிடித்து லாரியில் ஏற்றி மரக்கூண்டில் அடைத்தார்கள். இப்போது பழக்கி எடுத்த கும்கி யானை. வேறு யானைகளை விரட்ட அவனையே கூட்டிப்போகிறார்கள், இதை என்னவென்று சொல்ல!

உயிரியல் பூங்காவில் வேலி கண்ணுக்குத் தெரிகிறது, திட்டுவதற்கு வசதி. தடாகத்தில் செங்கல் சூளைக்காக மண்ணைத் தோண்டித் தோண்டி அவன் நடந்த தடத்தையே குழியாக்கினோமே, அங்கே போய் யாரைத் திட்ட? வடவள்ளியில் மொட்டைமாடியில் நின்றால் மருதமலை தெரியும் என்று உன்னிடம் பீற்றிக்கொள்கிறேன். அந்தப் பக்கம் யானை இறங்கியது என்று சேதி வந்தால் வனத்துறைக்கு முதலில் போன் போடுவது எங்கள் தெரு. சூளைச் செங்கல்லில் கட்டிய வீட்டில் உட்கார்ந்துகொண்டுதான் உனக்கு இதையும் எழுதுகிறேன்.

அதற்காகக் கூண்டே தேவலை என்கிற கட்சிக்கு நான் மாறிவிட்டதாக அண்ணனிடம் சொல்லி வைக்காதே. யானைகளை உயிரியல் பூங்காக்களில் வைக்கக் கூடாது என்று 2009-லேயே உத்தரவு வந்துவிட்டது. அதைப் போல இன்னும் எத்தனையோ பிராணிகளுக்கு வர வேண்டும். கடமானை மறுபடி பார்க்கவும் ஆசையாக இருக்கிறது. இரண்டும் என்னிடம்தான் இருக்கிறது, என்ன செய்ய?

இதில் பேரன் வேறு சின்னத்தம்பியைக் காட்டு என்கிறான், யூடியூபில் பார்த்திருக்கிறான். அவன் இருக்கும் கோழிகமுத்தி யானை முகாமுக்குப் போவதென்றால் உங்கள் வீட்டில் ஒரு ராத்திரி தங்கிவிட்டுத்தான் போக வேண்டும். நீ கூட வருவதானால் வருகிறேன், தனியாகப் போய் நிற்க எனக்குத் தெம்பில்லை. கும்கியாக நிற்கிறவனைப் பார்க்க உனக்கு மனசு வருமா வராதா, அதை ஒளிக்காமல் எழுது. அண்ணனைக் கேட்காதே, கரும்புக் காசை வசூலித்துக்கொண்டு வரச்சொல்வார்.

அன்புடன்,
விஜயா

பி.கு.: நாகமணி டீச்சர் மகனுக்கு ஒருவழியாகப் பெண் அமைந்துவிட்டது. ஜாதகத்தை யார் பொருத்திக் கொடுத்தார்கள் தெரியுமா? அதே கிளிக்காரர்!