ஃபாச்சோவுக்கு ஒரு வரி போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் இத்தாலிய இசையமைப்பாளர் வெர்டியைப் பற்றி வந்த கட்டுரையை விரும்பிப் படித்தேன். ஆனால் அவர் காலத்து இசைக்கலைஞர் ஃபிராங்கோ ஃபாச்சோவை ‘ஓபரா எழுதித் தோற்று, பிறகு இசைக்குழு நடத்தப் போனவர்’ என்று ஒரே வரியில் கடந்துவிட்டதைத்தான் ஏற்க முடியவில்லை.

1840இல் வெரோனாவில் பிறந்த ஃபாச்சோவின் முதல் ஓபரா (பாடியே நடிக்கும் இசை நாடகம்), 1863 நவம்பரில் மிலானின் ஓபரா அரங்கமான லா ஸ்காலாவில் அரங்கேறியது. அதைக் கொண்டாடிய விருந்தில் அவருடைய நண்பரும் கவிஞருமான போய்தோ எழுந்து, இத்தாலியக் கலையின் பீடம் விலைமாதர் விடுதிச் சுவர்போல் அழுக்கேறிக் கிடக்கிறது, அதை நிமிர்த்தப் போகிறவன் ஒருவேளை பிறந்துவிட்டானோ என்ற பொருளில் கவிதை வாசித்தார். அழுக்காக்கியவன் தானோ என்று வெர்டிக்குச் சுருக்கென்று தைத்தது. ஆண்டுக்கணக்கில் அவர் அதை மறக்கவில்லை. வாசித்தவர் போய்தோ என்றாலும் மனத்தாங்கல் ஃபாச்சோ மீதும் விழுந்தது.

‘தோற்று’ என்ற சொல்லுக்கு வருகிறேன். போய்தோவின் வரிகளுக்கு ஃபாச்சோ இசையமைத்த ‘அம்லேத்தோ’, ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட் நாடகக் கதை. 1865இல் ஜெனோவாவில் அரங்கேறியபோது, குறிப்பாக ஹாம்லெட்டின் காதலி ஒஃபீலியாவின் இறுதி ஊர்வல இசை பாராட்டப்பட்டது. 1871 பிப்ரவரியில் அதே ஓபரா லா ஸ்காலாவில் மேடையேறிய இரவிலோ, ஹாம்லெட்டாகப் பாட வேண்டிய திபெரினி நோயுற்றிருந்தார், குரலே எழவில்லை. மனம் நொந்த ஃபாச்சோ அந்த ஒரே இரவோடு படைப்பைத் திரும்பப் பெற்றார். பிறகு ஓபரா எழுதவேயில்லை. தொண்டை கட்டியவர் பாடகர், தோற்றவர் இசையமைப்பாளரா? 2014இல் அமெரிக்காவின் ஆல்புகர்க்கியிலும் 2016இல் ஆஸ்திரியாவின் பிரெகன்ஸிலும் ‘அம்லேத்தோ’ மறுபடி மேடை கண்டது.

‘நடத்தப் போனவர்’ என்பதும் பொருந்தாது. லா ஸ்காலாவின் தலைமை நடத்துநராக 1872இல் வெர்டியின் ‘ஆய்தா’ ஓபராவை இத்தாலியில் முதன்முதலாக நடத்தியவர் அவர். 1887இல் தம் ‘ஒதெல்லோ’ அரங்கேற்றத்தையும், ஒரு காலத்தில் மனம் புண்பட்டிருந்த அதே வெர்டி, அவர் கையில்தான் ஒப்படைத்தார். அன்று ஃபாச்சோவின் கையசைவைப் பார்த்துச் செல்லோ என்ற தந்தி வாத்தியம் வாசித்தவர்களுள், பின்னாளில் புகழ்பெற்ற நடத்துநரான பத்தொன்பது வயது தொஸ்கனினியும் ஒருவர். இளம் இசையமைப்பாளர் புச்சினியின் ‘எட்கார்’ ஓபரா அரங்கேற்றத்தை 1889இல் நடத்தியவரும் ஃபாச்சோவே.

அதன்பின் அவர் மூளை நோய்வாய்ப்பட்டது. பார்மா இசைப்பள்ளியின் இயக்குநர் பதவி கிடைத்தும் பணியாற்றும் நிலையில் அவர் இல்லை. நண்பரின் சம்பளம் நின்றுவிடக் கூடாதென்று அந்தப் பதவியைத் தம் பெயரில் ஏற்றுக்கொண்டவர், அன்று விருந்தில் கவிதை வாசித்த போய்தோ. 1891இல் மோன்சாவில் ஃபாச்சோ இறந்தபோது அவருக்கு வயது 51.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்