'கண்டுபிடித்தார்கள்' என்றால் போதாது, எப்படி என்றும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எங்கள் தெருவுக்குப் பால் ஊற்றும் அக்கா போன மாதம் சர்க்கரை மாத்திரையை நிறுத்திவிட்டார். ஏதோ ஒரு இலையைக் கொதிக்க வைத்துக் குடித்தால் சர்க்கரை இறங்கிவிடும் என்று விஞ்ஞானிகள் கண்டுபிடித்திருப்பதாகப் பேப்பரில் வந்ததாம். அவர் மகன் வெட்டி வைத்திருந்த துண்டை வாங்கிப் படித்தேன். மொத்தம் எட்டு வரி. சோதனை மனிதர்களிடம் நடந்ததா, எலிகளிடம் நடந்ததா என்றுகூட அதில் இல்லை. அக்காவுக்குக் காலில் இருந்த சின்னப் புண் ஆறாமல் பெரிதாகி, சர்க்கரை முந்நூறைத் தாண்டி, ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டியதாயிற்று. இப்போது தேறி வருகிறார். அந்த எட்டு வரி மட்டும் என் மனதை விட்டுப் போகவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

நான் 29 ஆண்டுகள் காசநோய் ஆய்வகத்தில் நுட்பநராக இருந்து ஓய்வுபெற்றவள். சளியை ஸ்லைடில் தடவிச் சிவப்புச் சாயம் ஊற்றுவோம். அடியில் ஆவி வரும்வரை சூடு காட்டுவோம். அப்புறம் அமிலத்தில் கழுவி நீலச் சாயம் ஊற்றினால், நீலத்துக்கு நடுவில் டி.பி. கிருமி மட்டும் மெல்லிய சிவப்புக் குச்சியாகத் தெரியும். மைக்ராஸ்கோப்பில் ஒரு தடவைக்குத் தெரியும் வட்டத்தை 'ஃபீல்டு' என்போம். ஒரு ஸ்லைடுக்கு நூறு ஃபீல்டு பார்த்த பிறகுதான் 'நெகட்டிவ்' என்று எழுதலாம்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு நெசவாளி வந்தார். எலும்பும் தோலுமாக, இருமி இருமித் திண்ணையில் சுருண்டு கிடந்தார். இவருக்கு டி.பி.தான் என்று என் மனம் அப்போதே முடிவு கட்டிவிட்டது. அவர் ஸ்லைடில் மூன்று குச்சிகள் கண்ணில் பட, 'ஸ்கேன்டி 3', அதாவது கிருமி உண்டு, ஆனால் மூன்றே மூன்று என்று எழுதினேன். எங்கள் சீனியர் அதைப் பார்த்து ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் பத்து ஸ்லைடுகளை எடுத்து, எண்கள் மேல் பிளாஸ்திரி ஒட்டி, கலைத்துப் போட்டு, "இன்னொரு தடவை பாரும்மா" என்றார். பார்த்து எழுதிக் கொடுத்தேன். பிளாஸ்திரியை உரித்தால், நெசவாளியின் ஸ்லைடுக்கு நானே 'நெகட்டிவ்' போட்டிருந்தேன். முதல் நாள் நான் பார்த்தவை சரியாக வடிகட்டாத சாயத்தின் துகள்கள். புதிதாகச் சளி வாங்கிப் பார்த்தோம். அதிலும் கிருமி இல்லை. ஆள் யார் என்று தெரிந்துவிட்டால் கண் நம் பேச்சைக் கேட்காது என்பதை அன்றைக்குத்தான் புரிந்துகொண்டேன்.

பெரிய ஆராய்ச்சிகளிலும் அந்தப் பிளாஸ்திரி உண்டு. பிரிட்டனில் டி.பி.க்கு ஸ்ட்ரெப்டோமைசின் ஊசியைச் சோதித்து 1948-இல் முடிவை வெளியிட்டார்கள். யாருக்கு ஊசி, யாருக்கு வெறும் படுக்கை ஓய்வு என்பது ஒட்டிய உறைக்குள் இருந்தது. எக்ஸ்ரே பார்த்தவர்களுக்கு எந்தப் படம் எந்தப் பிரிவு என்று தெரியாது. ஆறு மாதத்தில் ஊசி போட்ட 55 பேரில் 4 பேர் இறந்தார்கள். போடாத 52 பேரில் 14 பேர். 'நல்ல மருந்து' என்று வாயால் சொல்வதற்கும் இப்படிக் காட்டுவதற்கும் எவ்வளவு தூரம்!

நம் ஊரிலேயே இதற்குச் சமமான ஒன்று நடந்திருக்கிறது. சென்னை சேத்துப்பட்டில் 1956-இல் தொடங்கிய சோதனை அது. அந்தக் காலத்தில் டி.பி. என்றால் நோயாளிகளை மாதக்கணக்கில் தங்கவைத்துப் பார்க்கும் சானடோரியம் என்ற ஆஸ்பத்திரிதான், தாம்பரம் பக்கத்து ரயில் நிலையத்துக்கே அந்தப் பெயர் நிலைத்துவிட்டதே. ஆனால் நோயாளிகள் அத்தனை பேருக்கும் படுக்கை கிடையாது. மாத்திரையைக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினால் என்ன? 193 ஏழை நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்குச் சானடோரியத்தில் ஓய்வும் நல்ல சாப்பாடும். மறு பாதி, நெருக்கடியான வீட்டில் கிடைத்ததைச் சாப்பிட்டுக்கொண்டு இருந்தது. மருந்து இருவருக்கும் ஒன்றேதான். வீட்டில் இருப்பவர் மாத்திரையை விழுங்குகிறாரா என்று தெரிய, சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குப் போய்ச் சிறுநீர் வாங்கிச் சோதித்தார்கள். எனக்கு இந்த இடம்தான் ரொம்பப் பிடிக்கும். அந்தச் சந்துகளில் பாட்டிலோடு நடந்த ஊழியர்கள் இல்லாவிட்டால் அந்த ஆராய்ச்சியே இல்லை.

ஓராண்டு முடிவில் சானடோரியத்தில் 92 சதவீதம் பேருக்கும் வீட்டில் 86 சதவீதம் பேருக்கும் நோய் அடங்கியிருந்தது. 193 பேரை வைத்துப் பார்த்த சோதனைக்கு இது பெரிய வித்தியாசமில்லை. சானடோரியத்தில் இருந்தவர்கள் எடை கூடியிருந்தார்கள், அவ்வளவுதான். வீட்டில் நோயாளியோடு இருந்த குடும்பத்தாரை ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து பார்த்ததில், சானடோரியம் போனவர்களின் குடும்பத்தாரைவிட அவர்களுக்கு நோய் அதிகமாகத் தொற்றவில்லை. அதன் பிறகுதான் உலகம் முழுக்க வீட்டிலேயே வைத்தியம் என்ற வழி வந்தது.

அப்படியென்றால் சாப்பாடு முக்கியமில்லையா? நானும் பல வருடம் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். 2023-இல் ஜார்க்கண்டில் நடந்த ஆய்வின் முடிவு வந்தது. சென்னைக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனத்துக்கும் அதில் பங்கு உண்டு. சுமார் 2,800 நோயாளிகள் எல்லோருக்கும் உணவுப் பொருள் கொடுத்தார்கள். அவர்கள் வீடுகளில் ஒரு பகுதிக்கு மட்டும், குடும்பத்தில் தலைக்கு இவ்வளவு அரிசி, பருப்பு என்று மாதாமாதம் கூடுதலாகக் கொடுத்தார்கள். அந்த வீடுகளில் மற்றவர்களுக்குப் புதிதாக டி.பி. வருவது 39 சதவீதம் குறைந்தது. பழைய சோதனை பொய்யாகிவிட்டதா? இல்லை. அவர்கள் கேட்டது வீட்டில் இருந்தாலும் மருந்து வேலை செய்யுமா என்று. இவர்கள் கேட்டது நல்ல சாப்பாடு கிடைத்தால் பக்கத்தில் படுப்பவருக்கு நோய் வராமல் இருக்குமா என்று. கேள்வி என்னவென்று எழுதாமல் பதிலை மட்டும் எழுதினால், படிக்கிறவர்கள் 'ஆளுக்கொன்று சொல்கிறார்கள்' என்று நினைத்து இரண்டையும் தள்ளிவிடுவார்கள்.

உங்கள் நாளிதழை நாற்பது ஆண்டுகளாக வாங்குகிறேன். ஆராய்ச்சிச் செய்தி போடும்போது, மனிதரிடம் சோதித்ததா, எத்தனை பேர், யாரோடு ஒப்பிட்டார்கள், எத்தனை நாள் பார்த்தார்கள் என்பதற்கு நான்கு வரி ஒதுக்குங்கள். இந்த விவரம் கிடைக்காத செய்தியை ஒரு நாள் தள்ளிப் போட்டாலும் சரி. பால்கார அக்காவும் அவர் மகனும் அந்த நான்கு வரியைக் கட்டாயம் படிப்பார்கள். அவர்களிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆய்வக நுட்பநர்,
ஆரணி.