நிலாவின் பள்ளிக்கூட அட்டவணை

அன்புள்ள வித்யாவுக்கு,

நீ அனுப்பிய அட்டவணையைப் பொறுமையாகப் பார்த்தேன். ஆண்டோவர், எக்ஸிட்டர், கிராட்டன், செயின்ட் பால்ஸ், லாரன்ஸ்வில் என்று, நம் நிலா ஒன்பதாவதில் சேர, அமெரிக்காவின் ஐந்து விடுதிப் பள்ளிகள். ஒவ்வொன்றிலும் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு இடம் என்று வைத்து, ஒன்றிலாவது கிடைக்க 41 சதவீத வாய்ப்பு என்று கீழே எழுதியிருக்கிறாய். பெருக்கல் சரிதான். ஆனால் ஐந்து முடிவுகளுக்கும் ஒன்றோடொன்று தொடர்பே இல்லை என்றால்தான் அந்தக் கணக்கு நிற்கும். ஐந்து பள்ளிகளும் பார்க்கப் போவது அதே மதிப்பெண்கள், அதே ஆசிரியர் கடிதங்கள், அதே நிலாவை. ஒருவர் வேண்டாம் என்பதற்கான காரணமே அடுத்தவருக்கும் தோன்றலாம். அந்த 41-ஐ நம்பாதே, அம்மா.

அந்தப் பத்தும் அவளுடைய பத்து அல்ல. கிராட்டனில் எட்டாம் வகுப்பிலேயே பிள்ளைகளைச் சேர்க்கிறார்கள், ஐந்து வகுப்பும் சேர்ந்தே 400 பேருக்குள்தான். ஒன்பதாவதில் புதிதாக எத்தனை இடம் மிஞ்சும் என்று நீயே பார். லாரன்ஸ்வில் உங்கள் பிரின்ஸ்டனுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது, வீட்டிலிருந்து போய்வரலாம். ஆனால் விடுதி இடம் வேறு, போய்வரும் பிள்ளைகளின் இடம் வேறு. எந்த வரிசையில் நிற்கிறாள் என்று தெரியாமல் மொத்த விகிதத்தை வைத்து என்ன செய்வது? சேர்க்கை அலுவலகத்தில் நேரடியாகக் கேள். இந்தப் பள்ளிகளில் சேர எழுதும் எஸ்எஸ்ஏடி தேர்வின் பர்சென்டைலும் அப்படித்தான். நூற்றில் எத்தனை பேரைவிட முன்னால் நிற்கிறாள் என்று, அந்தத் தேர்வை எழுதுகிற பிள்ளைகளோடு மட்டும் ஒப்பிட்டுச் சொல்வது அது. 70 வந்தால் யாரும் முகம் சுளிக்க வேண்டாம்.

கட்டண உதவி கேட்கத் தயங்குகிறாய் என்று மாப்பிள்ளை சொன்னார். ஆண்டோவரும் எக்ஸிட்டரும் குடும்பத்தின் வசதியைப் பார்க்காமல்தான் பிள்ளையைத் தேர்ந்தெடுக்கிறார்கள், தேவையானதையும் கொடுக்கிறார்கள். அங்கே தாராளமாகக் கேள். மற்ற பள்ளிகளில் உதவிப் பணம் முடிவைப் பாதிக்குமா என்று முன்கூட்டியே விசாரித்துவிடு.

எனக்கு முக்கியமாகப் படுவது உன் அட்டவணையில் இல்லவே இல்லை. எக்ஸிட்டரில் 1930-இல் எட்வர்ட் ஹார்க்னஸ் கொடுத்த பெரும் கொடையால் வந்த முறை இன்றும் இருக்கிறது. ஒரு நீள்வட்ட மேசையைச் சுற்றி பன்னிரண்டு பேர் போல உட்கார்ந்து, பிள்ளைகளே பேசிப் பாடத்தை நகர்த்த வேண்டும். லாரன்ஸ்வில்லிலும் அதே மேசைதான். நம் நிலா யோசித்து முடித்த பிறகுதான் வாயைத் திறப்பாள். அந்த மேசையில் அவள் மலரவும் செய்யலாம், தினமும் வதங்கவும் செய்யலாம். நீயோ நானோ ஊகித்துச் சொல்ல முடியாது. ஒரு நாள் வகுப்பில் உட்காரவைத்துவிட்டு அவளிடமே கேள். பதினான்கு வயதில் வீட்டைவிட்டுப் போகப்போகிறவள் அவள்தானே.

அப்புறம், உங்கள் ஊர் அரசுப் பள்ளியையும் ஒரு வரியாகச் சேர். மார்ச் 10-ஆம் தேதி முடிவுகள் வரும்போது, அங்கே போவதும் முன்பே பேசி வைத்த ஒரு வழியாக அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். இதை இந்த வாரமே அவளோடு பேசு. பேசிவிட்டு எனக்கு போன் போடு.

அன்புடன்,
அப்பா