ஜூமியேஜ் படகுத்துறை வரைக்கும் கூட வந்த ஐயாவுக்கு நன்றி

பேரு கூட கேக்காம விட்டுட்டேன், அதான் இங்கயாச்சும் சொல்லிடுறேன். பிரான்ஸ்ல சேன் நதிய ஒட்டியே பாரிஸ்ல இருந்து கடல் வரைக்கும் போற சைக்கிள் ரூட்ல வந்துட்டு இருந்தேன், ரூவான் தாண்டி ஜூமியேஜ் மடத்துக்கு அக்கரையில பின் டயர் பஞ்சர், பம்பும் வேலை செய்யல. எதிர்ல சைக்கிள்ல வந்த ஒரு பெரியவர் தானா நிறுத்தி ட்யூப கழட்டி பேட்ச் ஒட்டி காத்தடிச்சு குடுத்துட்டு, படகுத்துறை வரைக்கும் கூடவே வந்தாரு, படகுக்கு காசே கிடையாதுன்னு சொன்னதும் அவர்தான்.

654ல ஆரம்பிச்ச மடம் அது. 1067ல பெரிய சர்ச்ச அர்ப்பணிச்சப்போ இங்கிலாந்த ஜெயிச்ச வில்லியமே வந்திருக்காரு. பிரெஞ்சுப் புரட்சிக்கப்புறம் கல்லு கல்லா பேத்து வித்துட்டாங்க, பாவம். இன்னைக்கு கூரையே இல்ல, ரெண்டு வெள்ளைக் கோபுரமும் சுவரும் நிக்குது, நடுவுல புல்லு, மேல வானம்.

"கோபுரத்த வெளிய நின்னு பாத்துட்டு கிளம்பிடாத, உள்ள போயி நடுவுல நில்லு"ன்னு சைகையிலயே சொன்னீங்களே ஐயா, அப்படியே நின்னேன், கண்ணு கலங்கிடுச்சு. ரொம்ப ரொம்ப நன்றி. நீங்க ஒட்டின பேட்ச் கடல் வரைக்கும் தாங்குச்சு.