களை பிடுங்க மலையேறி வரும் நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள நண்பர்களே, வணக்கம்.

விடுமுறை நாளில் வேன் பிடித்துக் கோத்தகிரிப் பக்கம் வருகிறீர்கள். கையுறை மாட்டிக்கொண்டு, சோலை என்று நாங்கள் சொல்லும் மலைக்காட்டின் ஓரத்தில், வெளிநாட்டிலிருந்து வந்து பரவிய உண்ணிச்செடியையும் (லண்டானா) செஸ்ட்ரம் என்ற புதரையும் மாலைவரை வெட்டிச் சாய்க்கிறீர்கள். உங்கள் மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. அதனால்தான் கேட்கிறேன்: கொஞ்சமாக வெட்டுங்கள், ஆனால் திரும்பத் திரும்ப வாருங்கள்.

சில வருடங்களுக்கு முன் ஒரு குழு ஒரே நாளில் ஒரு சரிவையே மொட்டையடித்துவிட்டுப் போனது. அன்று பார்க்க நன்றாகத்தான் இருந்தது. அடுத்த மழைக்கு அப்புறம் போனால், கீரைப் பாத்தி மாதிரி சீகை நாற்று, அதாவது ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த வாட்டில் மரத்தின் நாற்று. சீகை விதை மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் உறங்கும். மண்ணைக் கிளறி வெயில் பட விட்டால் எழுந்துவிடும். உண்ணியோ வெட்டிய கட்டையிலிருந்தே முன்னைவிட அடர்த்தியாகத் தழைத்திருந்தது. அந்தக் குழு மறுபடி வரவில்லை.

உண்ணியை மேலே வெட்டிப் பயனில்லை. டெல்லிப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சி.ஆர். பாபு குழுவினர் சொன்ன முறை எளிமையானது: மண்ணுக்குச் சில சென்டிமீட்டர் கீழே ஆணிவேரை வெட்டி, புதரைத் தலைகீழாகக் கவிழ்த்துவிட வேண்டும். வேர் மண்ணைத் தொடாமல் காய்ந்துவிடும். காய் பழுக்கும் முன்பே இதைச் செய்ய வேண்டும். பழுத்துவிட்டால் பறவைகள் தின்று விதையைக் காடெங்கும் கொண்டுபோகும்.

எங்கே தொடங்குவது என்பது இதைவிட முக்கியம். சிட்னியின் மோஸ்மன் பகுதியில் ஜோன், எய்லீன் பிராட்லி என்ற சகோதரிகள் 1960களில் தங்கள் வீட்டருகே காட்டைக் கையாலேயே மீட்டவர்கள். களை மண்டிய இடத்தில் அவர்கள் கைவைக்கவில்லை. நல்ல காடு இருக்கும் இடத்தில் தொடங்கி, வெளியே நகர்ந்தார்கள். கிளறிய மண்ணைச் சருகால் மூடினார்கள். காட்டுச்செடி முளைத்து இடம் பிடிக்கும் வேகம்தான் அவர்கள் வேலையின் வேகம்.

நம் சோலைக்கும் இதுவே பொருந்தும் என்று நம்புகிறேன். பழைய சீகைத் தோப்புக்குள் குனிந்து பாருங்கள், அதன் நிழலிலேயே சோலை மர நாற்றுகள் நிற்கும். சீகையை மொத்தமாகச் சாய்த்தால் அந்தப் பிஞ்சுகள் வெயிலிலும் மார்கழி உறைபனியிலும் கருகும். உண்ணியென்று நினைத்து அவற்றையே பிடுங்கியவர்களும் உண்டு. வெட்டும் முன் அரை மணி நேரம் உள்ளூர்க்காரர் ஒருவரோடு நடந்து, எது எந்தச் செடி என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

கோத்தகிரி அருகிலுள்ள லாங்வுட் சோலை வெறும் 116 ஹெக்டேர். 2024இல் ராம்சார் என்ற பன்னாட்டு ஈரநிலப் பட்டியலில் சேர்ந்த அந்தச் சிறு காட்டிலிருந்துதான் சுற்றியுள்ள ஊர்களுக்குத் தண்ணீர் வருகிறது. இவ்வளவு சிறிய காட்டில் ஓரம் கெட்டால் உள்ளும் கெடும்.

ஆகவே வனத்துறை அனுமதியோடு, ஒரு குழுவுக்கு ஒரு துண்டு நிலம், பத்து சென்ட் போதும். அதே இடத்துக்கு வருடம் மூன்று முறை, ஐந்து வருடம் வருவோம் என்று வாக்குக் கொடுங்கள். எத்தனை டன் அகற்றினோம் என்று எழுதும் பதாகையை விட்டுவிட்டு, எத்தனை சோலை நாற்று பிழைத்தது என்று எண்ணுங்கள்.

ஐப்பசி மழை விட்டதும் மண் இளகியிருக்கும். செஸ்ட்ரம் நாற்று வேரோடு கையிலேயே வந்துவிடும், அரிவாள்கூட வேண்டாம். அப்போது வாருங்கள், நாங்கள் இங்கேதான் இருப்போம்.

அன்புடன்,
கோத்தகிரியிலிருந்து ஒரு தன்னார்வலர்